ஊட்டச்சத்து பி.எஸ்சி.யிலிருந்து எம்.எஸ்சி.க்கு: ஓர் ஆண்டும் வீணாகாமல் போவது எப்படி?

வட சென்னையின் புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் ஊட்டச்சத்துப் பாடத்தில் பட்டம் பெற்ற முதல் பெண் நான். பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. ஐந்தில் முடிய வேண்டிய படிப்பு எனக்கு ஆறு ஆண்டு எடுத்தது. அந்த ஓராண்டு மதிப்பெண்ணால் போகவில்லை. ஆதார் அட்டையில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி பெயர். கையில் இருந்ததோ தவறான வகைச் சாதிச் சான்றிதழ். இறுதியாண்டில் ஓர் அரியர். இந்த மூன்றையும் இரண்டாம் ஆண்டிலேயே சரிசெய்திருக்கலாம். அதைச் சொல்ல அப்போது எனக்கு யாருமில்லை.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் ஊட்டச்சத்து மாணவர்களுக்கு 'துரித முதுநிலை வழி' என்று ஒன்று வைத்திருக்கின்றன. இளநிலையின் கடைசி ஆண்டில் படிக்கும் சில முதுநிலைப் பாடங்களை இரண்டு பட்டங்களுக்கும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நான்கும் இரண்டும் ஆறு ஆண்டு ஆக வேண்டியது ஐந்தில் முடிந்துவிடும். 2024 ஜனவரி 1 முதல் அங்கே பதிவுபெற்ற உணவியல் நிபுணர் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று ஆகிவிட்டதால், அந்த வழிக்கு அங்கே நல்ல வரவேற்பு.

நம்மூரில் அப்படி ஒன்று இல்லையே என்று ஏங்க வேண்டாம். அவர்கள் துரிதம் என்று சொல்லும் ஐந்து ஆண்டுதான் நமக்கு இயல்பான கால அளவு. நாம் காலத்தை இழப்பது பாடத்தில் இல்லை, பி.எஸ்சி. முடிந்து எம்.எஸ்சி. தொடங்குவதற்கு இடையில் இருக்கும் அந்த மூன்று மாதத்தில். அந்த மூன்று மாதம் பலருக்கு ஒன்றேகால் ஆண்டாக நீண்டுவிடுகிறது. அதை மூன்று மாதமாகவே வைத்துக்கொள்வது எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. முதலில் எந்த வழி என்று முடிவு செய்யுங்கள் (இரண்டாம் ஆண்டு, ஜூன்)

மூன்றும் இரண்டும் ஐந்து என்பதே தமிழ்நாட்டில் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளின் நடைமுறை. இதைவிட்டு வேறு வழி சொல்பவர்கள் வருவார்கள். ஒவ்வொன்றையும் நிதானமாக எடை போடுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய கட்டமைப்பில் நான்கு ஆண்டு ஆனர்ஸ் பட்டம், அதன் பிறகு ஓராண்டு முதுநிலை என்று ஒரு வழி இருக்கிறது. மொத்தம் அதே ஐந்துதான். வெளிமாநிலத்தில் இந்த வழியில் சேர்ந்திருந்தால் தொடருங்கள். இங்கே மூன்றாண்டுப் படிப்பில் இருப்பவர் இதற்காக இடம் மாற வேண்டியதில்லை. மூன்றாண்டுப் பட்டத்தோடு போய் ஓராண்டு எம்.எஸ்சி. கேட்டால் தரமாட்டார்கள், அவர்களுக்கு இரண்டாண்டுதான்.

2025ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகளில் திறமையான மாணவர்கள் இளநிலையைச் சற்று முன்கூட்டியே முடிக்கவும் இடம் உண்டு. உங்கள் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். ஏற்றிருந்தாலும் ஒன்றை யோசியுங்கள்: ஐந்தாம் செமஸ்டரோடு டிசம்பரில் முடித்துவிட்டு, ஜூலையில்தான் சேர்க்கை நடக்கும் எம்.எஸ்சி.க்காக வீட்டில் காத்திருந்தால் மிச்சமானது என்ன? அந்த ஆறு மாதத்தில் மருத்துவமனைப் பயிற்சி கிடைக்கும் என்றால் மட்டுமே அது பயனுள்ளது.

இப்போது பெரிய எச்சரிக்கை. வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. உணவு, ஊட்டச்சத்து படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்பு அது இருந்தது உண்மை. ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், உணவு ஊட்டச்சத்து அறிவியல், மருத்துவ ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் (உணவியல்) உள்ளிட்ட பாடங்களைத் தொலைதூர முறையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு தடை விதித்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை சுகாதாரப் பணியாளர் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில் நம்முடையதும் ஒன்று என்பதே காரணம். இது தெரியாமல் பணம் கட்டிவிட்டால் பணம் மட்டுமன்று, ஆண்டும் போகும்.

ஓராண்டு முதுநிலை டிப்ளமோ தனிக் கதை. அது மருத்துவமனை வேலைக்கு உதவும், குடும்பத்துக்குச் சம்பளம் உடனே தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல வழி. ஆனால் அது முதுநிலைப் பட்டம் ஆகாது. கல்லூரி ஆசிரியராக வேண்டும், அதற்கான தேசியத் தகுதித் தேர்வான 'நெட்' எழுத வேண்டும், ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்றால் எம்.எஸ்சி.தான். டிப்ளமோவை முடித்துவிட்டுப் பிறகு எம்.எஸ்சி.க்கு வந்த தோழிகள் இருவரை எனக்குத் தெரியும். ஓராண்டு முன்னதாகச் சம்பாதித்தார்கள். பட்டத்துக்கு ஓராண்டு பின்தங்கினார்கள்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள் (இரண்டாம் ஆண்டு, முதல் செமஸ்டர்)

இந்தப் படியை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் சரிந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் சேர்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் எழுத்து முன்னால் வந்திருக்கும். சாதிச் சான்றிதழில் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்துக் கூடியிருக்கும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு அவர்கள் நான்கு பேர்.

எனக்கு நடந்தது இது: கல்லூரியில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் இருந்த பெயர், ஆதாரில் இருந்த பெயரோடு பொருந்தவில்லை. மூன்று ஆண்டும் யாரும் கவனிக்கவில்லை. இறுதியாண்டு முடிந்து மதிப்பெண் பட்டியல் வந்தபோது அதிலும் அதே தவறு. திருத்தம் கேட்டு விண்ணப்பித்தேன். "அடுத்த வாரம் வாம்மா" என்று எட்டு வாரம் அலைந்தேன். திருத்திய பட்டியல் கைக்கு வந்த நாளில் நான் விண்ணப்பித்திருந்த கல்லூரியில் சேர்க்கை முடிந்திருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தவறில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயர் திருத்தக் கட்டணம் 75 ரூபாய். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், திரையில் தட்டச்சு செய்ததை நீங்களே ஓர் எழுத்து விடாமல் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். அடுத்து வங்கிக் கணக்கு, அடுத்து பான் அட்டை இருந்தால் அது. பிறகு கல்லூரி அலுவலகத்துக்குப் போய், தேர்வுப் பதிவேட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் செமஸ்டரில் திருத்தினால் ஒரு கடிதம் போதும். பட்டியல் அச்சான பிறகு என்றால் கட்டணம், பழைய பட்டியலைத் திருப்பித் தருவது, காத்திருப்பு என்று நீளும்.

பெயர் ஒழுங்கான பிறகு, அரசின் ஆவணச் சேமிப்புத் தளமான டிஜிலாக்கரில் கல்விக் கணக்கு எண்ணை (ஏபிசி ஐடி) உருவாக்கிக்கொள்ளுங்கள். இப்போது பல இடங்களில் அதைக் கேட்கிறார்கள். ஆதார்ப் பெயரோடு பொருந்தாவிட்டால் உங்கள் மதிப்பெண்கள் அந்தக் கணக்கில் வந்து உட்காராது.

3. சான்றிதழ்கள்: எது, எங்கே, எவ்வளவு

வருவாய்த்துறைச் சான்றிதழ்கள் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றும் 60 ரூபாய். இதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். உங்களுக்கு வேண்டியவை சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தில் நீங்கள்தான் முதல் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீடு மாறும்போது குடும்ப அட்டையில் முகவரியை மாற்றாமல் விட்டுவிடுகிறோம். விண்ணப்பம் பழைய முகவரியின் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் அங்கேயே கிடக்கும். கொருக்குப்பேட்டையிலிருந்து கொடுங்கையூருக்கு வீடு மாறிய ஒரு தங்கைக்கு இதனால் ஒரு மாதம் போனது. குடும்ப அட்டையை முதலில் மாற்றுங்கள்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். பி.எஸ்சி. உதவித்தொகைக்கு வாங்கியது எம்.எஸ்சி.க்குப் பயன்படாது. இறுதியாண்டு ஏப்ரலில் புதிதாக வாங்குங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் கவனமாகப் படியுங்கள். நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் வேறு, மத்திய அரசு நிறுவனங்கள் கேட்கும் ஓபிசி சான்றிதழ் வேறு. இரண்டாவதில் நீங்கள் வசதிபடைத்த பிரிவில் (கிரீமி லேயர்) வரவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அது நிதியாண்டோடு கட்டுண்டது என்பதால் ஏப்ரல் 1க்குப் பிறகு புதிதாக எடுத்ததைக் கேட்பார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய மாநிலச் சான்றிதழைப் பதிவேற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் அதை ஏற்கவில்லை. அந்த வாய்ப்பு அத்தோடு போயிற்று.

பட்டம் முடிந்ததும் கல்லூரியிலிருந்து வாங்க வேண்டியவை: ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதானால் இடப்பெயர்வுச் சான்றிதழ். வெளியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குள் வருகிறவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ். நூலகப் புத்தகம், ஆய்வகத்தில் உடைத்த கண்ணாடிக் குழாய், சமையல் ஆய்வகத்தின் மேலங்கி என்று எதற்காவது பாக்கி இருந்தால் மாற்றுச் சான்றிதழ் வராது. மார்ச்சிலேயே எல்லாத் துறையிலும் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் விடுமுறையில் இருப்பார்கள்.

4. அரியர் இல்லாமல் ஆறாம் செமஸ்டரை எட்டுங்கள்

பி.எஸ்சி.யில் நம்மில் பலர் வழுக்கும் இடம் உயிர்வேதியியல். பன்னிரண்டாம் வகுப்பில் மனையியல் பிரிவோ தொழிற்பிரிவோ எடுத்து வந்தவர்களுக்கு வேதியியல் அடிப்படை இருக்காது. ஆசிரியர் கிளைக்காலிசிஸ் பாதையைக் கரும்பலகையில் வரையும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதிக்கொள்வோம். இதற்கு வெட்கப்படாதீர்கள். பதினொன்றாம் வகுப்புத் தமிழ் வழி வேதியியல் பாடநூலைத் தமிழ்நாடு அரசின் பாடநூல் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டு, கரிம வேதியியல் பகுதியை மட்டும் ஒரு கோடை விடுமுறையில் படித்துவிடுங்கள். நான் அரியரை எழுதித் தேறியது அப்படித்தான்.

சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இளநிலைத் தேர்ச்சி மதிப்பெண் நூற்றுக்கு 40. அது தேர்ச்சிக்கு மட்டும். எம்.எஸ்சி. சேர்க்கையில் பல இடங்களில் 50 விழுக்காடு, சில இடங்களில் அதற்கும் மேல் கேட்பார்கள். முதன்மைப் பாடங்களின் சராசரியைத் தனியாகப் பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே 'தேறினால் போதும்' என்று எந்தப் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இறுதியில் ஒரே ஒரு பாடம் நின்றுவிட்டால் இடிந்துபோக வேண்டாம். பல பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் அப்படிப்பட்டவர்களுக்காக உடனடித் தேர்வு நடத்துகின்றன. முடிவு வந்த அன்றே தேர்வு அலுவலகத்தில் விண்ணப்ப நாளைக் கேளுங்கள். அந்தச் சாளரம் சில நாள்களே திறந்திருக்கும். எனக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே நாள் கடந்த பிறகுதான் தெரிந்தது.

5. ஒரே உழைப்பை இரண்டு இடத்தில் பயன்படுத்துங்கள் (ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்)

அமெரிக்கத் துரித வழியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்க கருத்து இதுதான். பாடங்களை இரட்டிப்பாகக் கணக்கிட நம்மால் முடியாது. ஆனால் வேலையை முடியும்.

இறுதியாண்டுத் திட்டப்பணியை ஏனோதானோ என்று இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். நம் பகுதியிலேயே செய்யுங்கள். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் மீனும் கருவாடும் அவர்கள் தட்டுக்கே வருகின்றன, தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்கிறார்களா என்று ஐம்பது பேரிடம் 24 மணி நேர உணவு நினைவுக் கணக்கு எடுங்கள், அதாவது முந்தைய ஒரு நாளில் சாப்பிட்டதையெல்லாம் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு இந்திய உணவுச் சத்து அட்டவணையை வைத்துக் கணக்கிடுங்கள். 528 உணவுகள் அதில் இருக்கின்றன. இரும்புச்சத்து எவ்வளவு வருகிறது என்பதை 2020ஆம் ஆண்டின் பரிந்துரை அளவோடு ஒப்பிடுங்கள். இரத்தம் எடுக்க நினைத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இளநிலைக்கு உணவுக் கணக்கே போதும். கேள்வி கேட்பதற்கும் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அங்கன்வாடியிலோ காலை உணவுத் திட்டம் நடக்கும் மாநகராட்சிப் பள்ளியிலோ ஆய்வு செய்ய விரும்பினால், கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு உரிய துறையிடம் முன்னனுமதி பெறுங்கள். தலைமையாசிரியர் அன்பாக "வாம்மா, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார் என்பதற்காகக் குழந்தைகளை எடை போடத் தொடங்காதீர்கள். அனுமதி இல்லாத ஆய்வை எம்.எஸ்சி. நேர்காணலில் காட்ட முடியாது.

இப்படிச் செய்த திட்டப்பணி நேர்காணலில் பேசும், பிறகு எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கு விதையாகும். என்னுடைய இரண்டாம் ஆண்டு ஆய்வேடு, பி.எஸ்சி.யில் நான் தொட்டு நிறுத்திய அதே கேள்விதான். வகுப்பில் மற்றவர்கள் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த இரண்டு மாதம் எனக்கு மிச்சமானது.

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான சுவயத்தில் ஊட்டச்சத்துப் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். அதில் என்பிடெல் என்ற அமைப்பு நடத்தும் பாடங்களின் தேர்வுக்கு 1,000 ரூபாய். பணம் கட்டுவதற்கு முன், அதில் கிடைக்கும் மதிப்புப்புள்ளிகளை (கிரெடிட்) உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்று துறையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் தேர்வை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் கேளுங்கள், அறிவு எப்படியும் சேரும்.

6. மருத்துவமனைப் பயிற்சியும் ஓர் ஊசியும்

நம் பகுதியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. இந்த இரண்டு இடத்திலும் கற்றுக்கொள்ளக் கிடைப்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் பயிற்சி என்பது கல்லூரி முதல்வர் கடிதம், மருத்துவமனை முதல்வரின் அனுமதி, தேவைப்பட்டால் அதற்கு மேலும் ஒரு கையெழுத்து என்று படிப்படியாகப் போகும். மே மாதப் பயிற்சிக்கு ஜனவரியிலேயே கடிதம் கொடுங்கள். கடிதத்தின் நகலில் வரவு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அடுத்த முறை போனால், "எந்தக் கடிதம்?" என்பார்கள்.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கல் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி. நோயாளிகள் அருகே பயிற்சிக்குப் போகிறவர்களிடம் பல மருத்துவமனைகள் இதன் சான்றைக் கேட்கின்றன. மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதத்தில். மே மாதத்தில் பயிற்சி வேண்டுமென்றால் முந்தைய நவம்பருக்குள் முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். பணத்தால் இதை விரைவுபடுத்த முடியாது. நாளைக்கே தொடங்குங்கள்.

7. எங்கெங்கே விண்ணப்பிப்பது, எப்போது

ஒரே இடத்தை நம்பி இருக்காதீர்கள். மூன்று கூடையில் முட்டையை வையுங்கள்.

முதல் கூடை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு. பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. அதாவது நீங்கள் ஆறாம் செமஸ்டரில் இருக்கும்போதே எழுதிவிடலாம், பட்டம் கையில் இருக்கத் தேவையில்லை. 2025இல் இரண்டு தாள் வரைக்கும் பொதுப்பிரிவுக்கு 1,400 ரூபாய், ஓபிசிக்கு 1,200, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 1,100. 75 கேள்வி, 90 நிமிடம், தவறுக்கு ஒரு மதிப்பெண் குறையும். மனையியல் தாளை எடுப்பவர்கள் விழிப்பாக இருங்கள்: அதில் ஊட்டச்சத்து ஒரு பகுதிதான். துணியியல், மனித வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி எல்லாம் வரும். ஊட்டச்சத்தை மட்டுமே படித்தவர்கள் அங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறோம். டெல்லியின் லேடி இர்வின் கல்லூரிக்குப் போக இதுவே வாசல். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பயன்பாட்டு ஊட்டச்சத்தில் எம்.எஸ்சி. நடத்துகிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இடம் மிகக் குறைவு, கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாவது கூடை, அரசுக் கல்லூரிகள். தமிழ்நாடு அரசின் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். கட்டணம் பதிவோடு சேர்த்து 60 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும். இளநிலை முடிவுகள் வந்த பிறகு, கோடையின் கடைசியில் திறக்கும். படிப்புக் கட்டணம் மிகக் குறைவு என்பதால் போட்டி அதிகம். இராணி மேரி கல்லூரியில் மனையியல் துறை இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் புறநகர் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. "அவ்வளவு தூரமா?" என்று வீட்டில் கேட்டால் இந்த வழியை ஒருநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். என் அம்மா சம்மதித்தது அப்படித்தான்.

மூன்றாவது கூடை, உதவிபெறும் கல்லூரிகளும் சுயநிதிப் பிரிவுகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும். எத்திராஜ், மகளிர் கிறித்துவக் கல்லூரி, கோவை அவினாசிலிங்கம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா என்று நம் துறைக்குப் பேர்போன இடங்கள் பல. இவற்றில் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். கட்டணம் இடத்துக்கு இடம் பெரிய அளவில் மாறும். உதவிபெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். ஒரே கல்லூரியில் இரண்டும் இருக்கலாம். ஓர் ஆண்டின் மொத்தக் கட்டணம், ஆய்வகம், தேர்வு, சீருடை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: 'தகுதியான இளநிலைப் பட்டங்கள்'. உங்கள் பட்டத்தின் பெயர் அந்த வரியில் அப்படியே இருக்க வேண்டும். உணவுப் பதப்படுத்துதல், உணவுத் தொழில்நுட்பம், ஓட்டல் நிர்வாகம் படித்தவர்களை எல்லா ஊட்டச்சத்து எம்.எஸ்சி.யும் ஏற்காது.

இறுதி முடிவு வராததால் விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள். ஐந்து செமஸ்டர் பட்டியலும், இப்போது இறுதியாண்டில் படிக்கிறார் என்று கல்லூரி தரும் சான்றும் இருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. எந்தத் தேதிக்குள் மீதியைத் தர வேண்டும் என்பதை அவர்கள் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

8. பணம்

புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயை நம்பி மாதச் செலவு போடும் தங்கைகளே, அது முதல் பட்டத்தோடு நின்றுவிடும். அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. எத்தனையோ பேரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. ஆனால் எம்.எஸ்சி.க்கு அந்தப் பணம் வராது என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

எம்.எஸ்சி.க்கு உள்ளது போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். யுமிஸ் எண் (கல்லூரி மாணவர்களுக்கான மாநில அரசின் பதிவு எண்), ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, புதிய வருமானச் சான்றிதழ் ஆகிய மூன்றும் வேண்டும். பணம் சேர்க்கைக்குப் பல மாதம் கழித்துத்தான் வரும். ஆகவே முதல் தவணைக் கட்டணத்தை வேறு வழியில் திரட்டியாக வேண்டும். கல்விக் கடன் எடுப்பதானால் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் விதி. வித்யா லட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பித்த எண்ணோடு கிளைக்குப் போங்கள், வெறுங்கையோடு போய்க் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விண்ணப்பக் காலத்துக்கு மட்டும் எனக்கு ஆன செலவு, நுழைவுத் தேர்வு, சான்றிதழ்கள், நகல், படம், பயணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 5,000 ரூபாய். மூன்றாம் செமஸ்டரிலிருந்து மாதம் 300 ரூபாய் ஒதுக்கினால் யாரிடமும் கை நீட்டாமல் சமாளிக்கலாம்.

9. வெளிநாட்டு ஓராண்டு எம்.எஸ்சி. பற்றி

பிரிட்டனில் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்று ஓராண்டில் எம்.எஸ்சி. ஊட்டச்சத்து தருகிறார்கள். மொத்தம் நான்கே ஆண்டு, உண்மையிலேயே துரிதம்தான். ஆனால் முகவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. அங்கே 'டயட்டீஷியன்' என்ற பெயர் சட்டப் பாதுகாப்பு உடையது. அவர்களுடைய சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே அதைப் போட்டுக்கொள்ளலாம். ஓராண்டு ஊட்டச்சத்து எம்.எஸ்சி. அந்தப் பதிவுக்கு வழி செய்யாது. பதிவுக்குத் தகுதி தரும் டயட்டெடிக்ஸ் படிப்பு தனி, அதன் காலமும் அதிகம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு ஆண்டுக் கல்வியைக் கேட்கின்றன, நமக்குப் பதினைந்துதான் ஆகியிருக்கும். வீட்டை அடகு வைத்து யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பெயரில், எந்த வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும் என்று தெரிந்துகொண்டு அடகு வையுங்கள் என்கிறேன்.

10. எம்.எஸ்சி.யில் சேர்ந்த முதல் வாரம்

இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுபெற்ற உணவியல் நிபுணர் தேர்வு எழுத, முதுநிலைப் படிப்போடு மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். எம்.எஸ்சி. முடித்த பிறகு பயிற்சி இடம் தேடினால் மறுபடியும் அரை ஆண்டு கைவிட்டுப் போகும். ஆகவே சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத்தலைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பாடத்திட்டத்தில் இருக்கும் பயிற்சி அந்தத் தேர்வுக்குக் கணக்கில் வருமா? வராதென்றால் எந்த மருத்துவமனை ஏற்கப்படும், அங்கே யார் பெயருக்குக் கடிதம் எழுத வேண்டும்? பதிலைக் குறித்துக்கொண்டு, பழைய கோப்பில் முத்திரையோடு இருக்கும் உங்கள் கடித நகலையும் தடுப்பூசிச் சான்றையும் எடுத்து மேலே வையுங்கள். அடுத்த கடிதத்துக்கு அவை இரண்டும் வேண்டும்.